உள்ளே போகாத இரண்டு ஃப்ரீ த்ரோ

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு பாராட்டு விழா. பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு. ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். மேடையில் பதினொரு பேர். பின்னால் மேஜையில் ஒன்பது பொன்னாடை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். ஆனால் பதினொரு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

எப்படி? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்கெடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் சந்தேகப்படுவேன். சரியாக வந்துவிட்டால்... இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சந்தேகப்படுவேன்.

இந்த வியாதியை வைத்துக்கொண்டு ஒருவன் ஊருக்கு என்ன உபயோகமாக இருக்க முடியும்? இருந்திருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில், சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் நேராக கூடைப்பந்து மைதானத்துக்குப் போய்விடுவேன். நகர லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து பாயிண்ட் எண்ணுவது என் வேலை. ஆட்டக்காரர்கள் என்னை 'டேபிள் சார்' என்பார்கள். அந்தத் தகுதியில்தான் விழாவுக்கும் கூப்பிட்டிருந்தார்கள் – மேடைக்கு இல்லை, நாற்காலிக்கு.

மேடையில் கடைசி ஆளாக லூர்து உட்கார்ந்திருந்தான்.

லூர்துவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பட்டினப்பாக்கம் கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். அறுபதை நெருங்குகிறான், இன்னும் வாசற்படியில் தலை குனிந்துதான் நுழைய வேண்டும், அத்தனை உயரம். மயிலாப்பூரில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆடினான். நான் டேபிளில் உட்கார்ந்து பார்த்த அத்தனை ஆட்டக்காரர்களிலும் அவன்தான் முதல். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால் யோசிப்பேன். முதல் ஆளுக்கு யோசிக்க மாட்டேன்.

ஆனால் லூர்து ஒரு சாம்பியன்ஷிப்கூட ஜெயித்தது இல்லை. நான்கு வருடம் தொடர்ந்து ஃபைனல். நான்கிலும் எதிரே ஒரே அணி – ஒரு வங்கியின் அணி. நான்கிலும் தோல்வி.

விழாவில் அந்த வங்கி அணியின் பழைய கேப்டன் மைக்கைப் பிடித்தார். பெயர் வேணுகோபால். நன்றாகப் பேசுவார். அதுதான் பிரச்சினை.

"நாலாவது ஃபைனல். கடைசி செகண்ட். நாங்க ஒரே ஒரு பாயிண்ட் முன்னாடி. லூர்து பால் போடப் போறார், நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். ஃபவுல். ரெஃப்ரி ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுத்துட்டார். மறிக்கறதுக்கு ஆள் கிடையாது, நின்ன எடத்துலேர்ந்து போட வேண்டியதுதான். ஒண்ணு போட்டா சமம், ரெண்டும் போட்டா கப் அவங்களுக்கு. நம்ம லூர்து என்ன பண்ணார்? பெரிய மனசு பண்ணி ரெண்டையும் வெளியில போட்டார்." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன கணக்கோ... அது எங்களுக்குள்ள."

ஹால் சிரித்தது. லூர்துவும் சிரித்தான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

டிபன் நேரத்தில் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். நான் வடையோடு இருந்தேன்.

"டேபிள் சார் நீங்கதானே?"

"ஆமாம். நீ யாரும்மா?"

"ஸ்டெல்லா. லூர்து பொண்ணு. அடையாறுல பிசியோதெரபிஸ்டா இருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு கேள்வி சார். எங்கப்பா அந்த மேட்ச்சை வித்துட்டாரா?"

வடையைத் தட்டில் வைத்தேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னா?"

"யார் சொல்லலை? சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்துக்கிட்டேதான் இருக்கு. இதுவரைக்கும் முதுகுக்குப் பின்னாடி சொன்னாங்க. இன்னிக்கு மைக்ல சொல்லிட்டாங்க. என் மாமியாரை நான்தான் கூட்டிட்டு வந்தேன், எங்கப்பாவுக்கு மரியாதை செய்யறாங்க, வந்து பாருங்கன்னு. அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க சார். அந்தப் பார்வையோடதான் இனிமே ஒரே வீட்ல இருக்கணும்."

"உங்கப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டா சிரிக்கிறார். நீங்க பக்கத்துல உக்காந்து எண்ணினவர். வித்தாரா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தப் பெரிய மனிதனும் சொல்லியிருப்பான். நான் சொன்னது – "செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வா."

ஏன் என்றால், எனக்கே சந்தேகம். முப்பது வருடத்துக்கு மேலாக.

செவ்வாய்க்கிழமை வந்தாள். என் மனைவி அவளை உட்கார வைத்து, முன்ஜாக்கிரதையாக ஒரு வார்த்தை சொன்னாள்: "இவர் சொல்றதை ரொம்ப மனசுல வெச்சுக்காதேம்மா. பால் பாக்கெட்டைக்கூட நிறுத்துப் பார்த்துண்டு இருக்கறவர்."

நான் என் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

முதலாவது, ஸ்கோர் ஷீட்டில் உள்ளே போன பந்துக்கு மட்டும்தான் இடம். போகாததை யாரும் குறிக்க மாட்டார்கள். நான் மட்டும் என் திருப்திக்கு அதையும் எண்ணி வைப்பேன். லீக் ஆட்டங்களில் லூர்து கூடையைப் பார்த்துப் பந்தை எறிவது முப்பது தடவைக்குக் குறையாது. ஃபைனலில்? பத்தைத் தாண்டியதே இல்லை. ஊரிலேயே நன்றாகப் பந்து போடுகிறவன், கோப்பை ஆட்டத்தில் மட்டும் ஏன் பந்து போட மாட்டேன் என்கிறான்?

அடுத்தது, மோட்டார் சைக்கிள். இரண்டாவது ஃபைனலில் தோற்ற கையோடு லூர்து ஒரு புது மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்கு வந்தான். அதுவரை பஸ்ஸில் வந்தவன். எங்கிருந்து வந்தது வண்டி?

கடைசியாக, அந்த இரண்டு ஃப்ரீ த்ரோ. லீக்கில் லூர்து ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால், பந்து கூடைக்குப் போவதற்கு முன்பே நான் ஷீட்டில் பாயிண்ட்டைப் போட்டுவிடுவேன். யாரையும் நம்பாத நானே. அப்படிப்பட்ட கை, கோப்பைக்கு எதிரே நின்று இரண்டையும் தவற விடுமா?

ஸ்டெல்லா முழுக்கக் கேட்டாள். முகம் வாடியிருந்தது. ஆனால் என்ன இருந்தாலும் படித்த பெண், லேசில் விடவில்லை.

"முப்பது தடவை போடறவர் ஃபைனல்ல பத்து தடவைதான் போட்டார். சரி. மீதி இருபதை யார் சார் போட்டாங்க?"

 

எண்ணியிருக்கிறேன். ஆனால் லூர்து எறிந்ததை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். அவன் கையிலிருந்து பந்து இன்னொருவன் கைக்குப் போனதும் என் கணக்கிலிருந்து அது போய்விடும். ஸ்கோர் ஷீட்டில் பாஸுக்குக் கட்டமே கிடையாதே.

கண்ணை மூடிக்கொண்டு ஆட்டங்களை மனதில் ஓட்டினேன். முதல் ஃபைனலில் லூர்து கொடுத்த பந்தையெல்லாம் போட்டவன் குமார். இரண்டாவதில் செல்வம். மூன்றாவதில் அன்வர், இடது கைக்காரன். மூன்று பேரும் லூர்துவின் கிளப்தான்.

"அவங்க இப்ப எங்க சார்?"

"எங்கே... எல்லாரும் அந்த வங்கிலதான். வேணுகோபாலோட வங்கி."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு அந்த சோபா ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் பெரிய அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அணி இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே? லீக் ஆட்டத்துக்கு யார் வருவார்கள்... நானும் நாலு நாயும்தான். பார்க்க வேண்டியவர்கள் வருவது ஃபைனலுக்கு. டேபிளுக்குப் பக்கத்தில் அவர்களுக்காகவே ஒரு சோபா போட்டு, வெள்ளை டர்க்கி டவல் விரித்திருப்பார்கள். நடுவில் யாராவது குனிந்து என்னைக் கேட்பார்கள்: "அந்த எட்டாம் நம்பர் பையன் பேர் என்ன?" நானும் சொல்வேன், என் எண்ணிக்கை கலைந்த எரிச்சலோடு. அடுத்த வருடம் வேறு நம்பரைக் கேட்பார்கள். அதற்கும் சொல்வேன்.

லூர்துவின் நம்பரை ஒருவரும் கேட்டதில்லை. அவனைத்தான் ஊருக்கே தெரியுமே. தெரிந்தும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

"அப்பா ஒன்பதாவதோட நின்னுட்டார் சார்" என்றாள் ஸ்டெல்லா. "பத்தாவதாவது பாஸ் பண்ணியிருந்தாத்தான் எடுப்பாங்களாம். அம்மா இன்னிக்கும் சொல்லித் திட்டும்."

கணக்கு அப்படியே வரிசையாக வந்து நின்றது. லூர்துவுக்கு வேலை கிடைக்கப் போவதில்லை. கூட ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கலாம், சோபாவில் இருப்பவர்கள் கண்ணில் பட்டால். அதனால் ஃபைனலில் பந்து அவர்களுக்கு. ஒவ்வொரு ஃபைனலுக்கும் ஒருவன் வேலைக்குப் போனான். வேலைக்குப் போனவன் யாருக்கு ஆடுவான்? வங்கிக்கு. அடுத்த வருடம் லூர்துவுக்கு எதிரே வந்து நின்றான். நாலாவது ஃபைனலில் வங்கியின் ஐந்து பேரில் மூன்று பேர் லூர்து அனுப்பி வைத்தவர்கள்.

தன்னைத் தோற்கடிக்கும் அணியைத் தானே வருடத்துக்கு ஒரு ஆளாகக் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

"தீர்ந்துதா உங்க சந்தேகம்?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

தீருமா? இத்தனை சுத்தமாக வருகிற கணக்கு எனக்குப் பிடிக்காது. தவிர, ஃப்ரீ த்ரோ அப்படியே நிற்கிறது. ஃப்ரீ த்ரோவை யாருக்கும் பாஸ் கொடுக்க முடியாது. அவனேதான் போட வேண்டும். அதை ஏன் வெளியே போட்டான்? மோட்டார் சைக்கிள் வேறு இருக்கிறது.

ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் பட்டினப்பாக்கம் போனோம். வெயில் இறங்கியிருந்தது. ஒரு படகின் நிழலில் லூர்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டேபிள் சார். இன்னா இந்தப் பக்கம்? அலை எத்தினின்னு எண்ணலாம்னு வந்தீங்களா?"

"லூர்து, நேராவே கேக்கறேன். ஃபைனல்ல ஏன் பந்தை உன் கையில வெச்சுக்கல?"

"அத்த ஏன் சார் இப்ப..."

"சொல்லுப்பா" என்றாள் மகள்.

அவள் முகத்தைப் பார்த்தான். வலையைக் கீழே வைத்தான்.

"கைல வெச்சிகினு இன்னா சார் பண்றது? நான் நூறு பாயிண்டு போட்டாலும் எனக்கு எவன் வேலை குடுப்பான்? குமாரு அப்பன் அப்பதான் செத்தாரு. ஊட்ல மூணு தங்கச்சிங்க. அங்க சோபால ஆபீசருங்க குந்திகினு கீறாங்க. எனக்கு எதுக்கு சார் பாலு?"

"அப்போ ஜெயிக்கணும்னே தோணலையா?"

"தோணாம? ஜெயிக்கத்தான் சார் ஆடனோம். அவன் போட்டாலும் பாயிண்டுதானே. செல்வம் கடைசியா போட்ட பாலு வளையத்துல சுத்திச் சுத்தி வெளிய வந்துச்சி. அன்வரு போட்டது உள்ளயே போச்சி. உங்க டேபிள்லதான் டைம் முட்ஞ்சிடுச்சின்னு சொல்ட்டீங்க."

டைம் முடிந்துதான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உலகத்திலேயே என்மேல் மட்டும்தான் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் போட்ட பந்து ஒவ்வொன்றும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. தான் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்த மோட்டார் சைக்கிள்?"

"எந்த மோட்டார் சைக்கிள்?" நெற்றியைச் சுருக்கினான். பிறகு சிரித்துவிட்டான். "ஐய, அது குமாரு வண்டி சார். வேலை கெட்சதும் லோன் போட்டு வாங்கினான். வாங்கினானே தவிர ஓட்டத் தெரியாது. பயந்தாங்கொள்ளி. நான்தான் ஓட்டிகினு இருந்தேன், அவன் பின்னால குந்திகினு வருவான்."

"சரி. ஃப்ரீ த்ரோ?"

சிரிப்பு நின்றது. 

"அது வேற சார்."

"வேறன்னா? வேணுன்னே வெளிய போட்டியா?"

"அய்யோ, இல்ல சார். அன்னிக்கி மெய்யாலுமே போடணும்னுதான் நின்னேன். பாஸ் குடுக்க முடியாது. நான்தான் போட்டாவணும். கோட்டுல நிக்கறேன். பக்கத்துல குமாரு நிக்கறான், பேங்க்கு சட்ட போட்டுகினு. எதிர் டீம் ஆளு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'மாமே, பதறாத, நிதானமா போடு'ன்னான்." வலையின் ஒரு முனையை விரலில் முறுக்கினான். "அத்தக் கேட்டதும் கை ஆடிடுச்சி சார். மூணு ஃபைனலு ஆடிட்டேன். கடைசி பாலு ஒண்ணுகூட நான் போட்டது கெடியாது. அந்த நேரத்துல எப்டி போடறதுன்னே கைக்குத் தெரில. அவ்ளோதான்."

நான் யோசித்தேன். ஒருவன் பொய் சொல்வதாக இருந்தால் தனக்குப் பெருமை வருகிற மாதிரி சொல்வான். 'நண்பனுக்காக விட்டுக் கொடுத்தேன்' என்று சொல்லியிருந்தால் நான் ஒரு எழுத்துகூட நம்பியிருக்க மாட்டேன். கை நடுங்கியது என்கிறான். இத்தனை வருடம் கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பியது இதை மறைக்கத்தான்.

நம்பினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

லூர்து ஏன் சாம்பியன்ஷிப் ஜெயிக்கவில்லை என்று இனி யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. அவன் கையிலிருந்த ஆட்டத்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டான். நாலாவது தடவை, தனக்கே வேண்டும் என்று தேடியபோது கையில் இல்லை. அவ்வளவுதான்.

இது நியாயமா என்று கேட்காதீர்கள். கிளப்பின் கோப்பையை எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் பங்கு போட இவன் யார்? அவன் கிளப் செயலாளர் நாலு வருடமும் கோப்பைக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்துக் காத்திருந்தார். அவருக்கு யார் பதில் சொல்வது? அந்த விஷயத்தில் லூர்துமேல் எனக்குக் கோபம்தான். ஆனால் விற்றான் என்று சொன்னால், அது கணக்கே இல்லை.

 ஸ்டெல்லா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வித்திருந்தாகூட பரவால்லப்பா" என்றாள். "வீட்டுக்கு ஏதாவது வந்திருக்கும்."

லூர்து பெரிதாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து, அப்பா தைத்துக்கொண்டிருந்த வலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கோபமா, வேறு ஏதாவதா? எனக்கு எண்ணத் தெரியும். முகம் பார்க்கத் தெரியாது.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "மைக்ல சொன்னதுக்கு மைக்ல பதில் சொல்லணும் சார். அத்தனை பேர் கேட்டாங்க."

"என்கிட்ட மைக் இல்லைம்மா. வாரா வாரம் ஒரு பத்தி இருக்கு. எழுதறேன்."

லூர்து துள்ளி எழுந்தான். "வேணாம் சார். அதெல்லாம் எழுதாதீங்க."

"ஏன்? உனக்கு நல்ல பேர்தானே?"

"எனக்கு இல்ல சார். குமாரும் அன்வரும் ரிடையர்டு ஆயிட்டாங்க. செல்வத்துக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் கீது. பாஸ் வாங்கித்தான் வேலை வாங்கினான்னு எவனாச்சும் எழுதிப் போட்டு, பென்ஷன்ல கைய வெச்சிடப் போறானுங்க."

பாஸ் வாங்கியதற்காக யாருடைய பென்ஷனையும் நிறுத்த முடியாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். அரசாங்கத்தில் இருந்தவன், விதி தெரிந்தவன் சொல்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தான். என்னைவிடச் சந்தேகப் பிராணியை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேராவது மாத்திடுங்க சார்" என்றான் கடைசியில்.

மாற்றிவிட்டேன். குமார், செல்வம், அன்வர் – எதுவும் நிஜப் பெயர் இல்லை. லூர்துவும் ஸ்டெல்லாவும்கூட இல்லை. ஸ்டெல்லா, நீ யார் என்று உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே உன் மாமியார் கையில் கொடு.

ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை.

வேணுகோபால் சார், அந்த நாலாவது ஃபைனல் குரூப் போட்டோ உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஐந்து பேரில் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் – கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.